எண்ணியவரை யார் எண்ணினார்?

செஞ்சிக் கோட்டைக்குச் செல்வோர் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ராஜகிரியின் படிகளில் ஏறத் தொடங்குவர். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அக்குன்றின் உச்சியை அடைந்ததும் களைப்பாறக் காற்று வரும் திசையை நோக்கி அமர்வர். கிழக்கே, கண்ணுக்கு எட்டாத தொலைவில், ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியும் கடலும் இருக்கின்றன. அந்தக் கடல் வழியாக வந்தவர்களும் ஒரு காலத்தில் இக்குன்றின்மீது தங்கள் கொடியை நாட்டினார்கள்.

செஞ்சியின் கற்களைக் கேட்டால் ஆண்டவர்களின் பெயர்களைத்தான் சொல்லும். விசயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தானியர், 1677-இல் கோட்டையைக் கைப்பற்றிய மராட்டியர், 1698-இல் நீண்ட முற்றுகைக்குப் பின் நுழைந்த முகலாயர், 1714-இல் போர்க்களத்தில் மடிந்து நாட்டுப்பாடலில் வாழும் தேசிங்கு ராசன், 1750 செப்டம்பரில் ஓர் இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி என்று அந்த வரிசை நீளும். 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதன் பின்னும் தாக்குப்பிடித்த செஞ்சி, ஏப்ரலில் சரணடைந்தது. சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக்காரரின் கையில் எஞ்சியிருந்த கடைசிக் கோட்டை அதுவே. 2025 சூலையில் மராட்டியரின் படைத்துறை நிலப்பரப்புகளுள் ஒன்றாகச் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, இந்த வெற்றி தோல்விகள் எல்லாம் மீண்டும் நினைவுகூரப்பட்டன.

கோட்டை சரணடைந்து இரண்டு மாதங்கள் சென்றபின், 1761 சூன் 6-ஆம் நாள் காலையில், செஞ்சியின் வானில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. வெள்ளிக் கோள் சிறு கரும்புள்ளியாகக் கதிரவ வட்டத்தின் மேல் ஊர்ந்து, பிற்பகலில் மறுபுறம் வெளியேறியது. போரின் புகை அடங்காத இந்நாட்டில் அதைக் கண்டவர் சிலரே. ஆனால் அந்த நாளைப் பற்றிய கணக்குகள் பாரிசு நகரில் முன்னமே போடப்பட்டிருந்தன. கணக்கிட்டவர்களுள் ஒருவர் ஒரு கடிகாரக் கலைஞரின் மனைவி. அவர் பெயர் நிக்கோல்-ரேன் லெபோத். பிரான்சு நாட்டுக் கணித வரலாற்றில் நெடுங்காலம் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்த அப்பெண்மணியைப் பற்றி நாம் சிறிது எண்ணிப் பார்ப்பது நல்லது.

கடிகாரக் கடையிலிருந்து விண்வெளிக்கு

நிக்கோல்-ரேன் 1723 சனவரி 5 அன்று பாரிசில் லுக்சம்பர்க் அரண்மனையில் பிறந்தார். அவர் அரச குடும்பத்து இளவரசி அல்லர். அவருடைய தந்தை அரண்மனைப் பணியாளர். பிள்ளைகள் ஒன்பது பேர் நிறைந்த அந்த வீட்டில் இந்தச் சிறுமி மட்டும் கையில் கிடைத்த நூல்களையெல்லாம் ஓயாமல் படித்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் திறவாத காலம் அது. ஆகவே அவருடைய கல்வி பெரும்பாலும் அவரே தேடிக்கொண்ட கல்வி.

1740-களின் இறுதியில் அவர் ழான்-ஆந்த்ரே லெபோத் என்பவரை மணந்தார். கணவர் அரசவைக்குக் கடிகாரம் செய்து தரும் புகழ்பெற்ற கலைஞர். அந்நாளில் கடிகாரத் தொழில் வெறும் கைவேலையாக இருக்கவில்லை. வானியலும் கணிதமும் அதனுள் அடங்கியிருந்தன. ஊசலின் நீளம் இவ்வளவு என்றால் அது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை ஆடும் என்று கணக்கிட்டால்தான் கடிகாரம் நேரம் தவறாமல் ஓடும். கணவர் 1755-இல் கடிகாரக் கலையைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் ஊசல்களின் நீளத்தையும் ஆட்டத்தையும் காட்டும் அட்டவணையைக் கணக்கிட்டுத் தந்தவர் மனைவி. வீட்டு வரவு செலவை எழுதிய அதே கை இந்த அட்டவணையையும் எழுதிற்று.

அவ்வீட்டுக்கு அடிக்கடி வந்து சென்றவர் ழெரோம் லலாந்து என்ற இளம் வானியலர். லெபோத் தம்பதியர் செய்த வானியல் கடிகாரத்தை அறிவியல் கழகத்தின் சார்பில் ஆய்வு செய்ய வந்தவர், நிக்கோல்-ரேனின் கணக்குத் திறமையைக் கண்டு வியந்தார். அந்த அறிமுகம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான அறிவுத் தோழமையாக வளர்ந்தது.

வால்வெள்ளியின் நாள்

அக்காலத்து வானியலருக்கு ஒரே பெருங்கேள்வி. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய வால்வெள்ளிகள் மூன்றும் உண்மையில் ஒன்றே என்றும், அது 1758-இன் இறுதியிலோ 1759-இன் தொடக்கத்திலோ திரும்ப வரும் என்றும் ஆங்கிலேய அறிஞர் எட்மண்ட் ஹாலி எழுதியிருந்தார். அவர் 1742-இல் மறைந்துவிட்டார். அவர் சொன்னபடி வால்வெள்ளி வந்தால் நியூட்டனின் ஈர்ப்பு விதி வானத்தின் முன் மெய்ப்படும். வராவிட்டால் ஐயம் எழும்.

கேட்க எளிதாகத் தோன்றும் இக்கணக்கு உண்மையில் மிகக் கடினமானது. வால்வெள்ளி ஒவ்வொரு முறையும் சமமான கால இடைவெளியில் வருவதில்லை. போகும் வழியில் வியாழனும் சனியும் அதைத் தம் பக்கம் இழுக்கின்றன. ஒரு சுற்றில் அது விரைந்து வரும்; மறு சுற்றில் தாமதிக்கும். ஆகவே ஏறத்தாழ 150 ஆண்டுக் காலத்துக்கு அந்த இரு பெருங்கோள்களும் எங்கெங்கே இருந்தன, வால்வெள்ளிக்கும் அவற்றுக்கும் இடையே எவ்வளவு தொலைவு, இழுப்பு எத்துணை என்று ஒவ்வொரு படியாகக் கணக்கிட வேண்டும். அலெக்சி கிளேரோ என்ற பெருங்கணித அறிஞர் அதற்கான வழிமுறையை வகுத்தார். எண்களைக் கொண்டு அதை நிறைவேற்ற ஆள் வேண்டியிருந்தது. 1757 சூன் மாதத்தில் லலாந்து அந்தப் பொறுப்பை ஏற்றார். நிக்கோல்-ரேனையும் உடன் அழைத்துக்கொண்டார்.

பின்னர் நடந்ததை லலாந்தே எழுதிவைத்திருக்கிறார். ஆறு மாத காலம் காலையிலிருந்து இரவு வரை இருவரும் கணக்கிட்டனர். சில வேளைகளில் உணவு மேசையிலும் கணக்கு ஓயவில்லை. பொறி இல்லை, மடக்கை அட்டவணையும் இறகுப் பேனாவும் தாளும் மட்டுமே துணை. ஓரிடத்தில் ஓர் இலக்கம் பிழைத்தால் தொடர்ந்து வரும் எல்லாம் பிழைக்கும். அந்த உழைப்பால் லலாந்து நோயுற்றார். அதன் விளைவு தம் உடலில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிட்டதாக அவரே குறிப்பிடுகிறார். அந்த அம்மையார் இல்லாதிருந்தால் இவ்வளவு பெரிய வேலையைத் தொடத் தாம் துணிந்திருக்கவே மாட்டார் என்றும் அவர் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

1758 நவம்பரில் கிளேரோ அறிவியல் கழகத்தின்முன் முடிவை அறிவித்தார். வியாழனின் இழுப்பால் 518 நாளும், சனியின் இழுப்பால் 100 நாளும், ஆக 618 நாள் வால்வெள்ளி தாமதித்து வரும். 1759 ஏப்ரல் நடுவில் கதிரவனுக்கு மிக அருகே வரும். ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்பது அவ்வறிக்கை. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் இரவில், செருமனி நாட்டில் பாலிட்சு என்ற உழவர் தம் தொலைநோக்கியில் வால்வெள்ளியை முதன்முதலாகக் கண்டார். 1759 மார்ச்சு 13 அன்று அது கதிரவனுக்கு மிக அண்மையில் வந்தது. ஏறத்தாழ ஒரு மாதமே வேறுபாடு! எழுபத்தாறு ஆண்டு வழிப்பயணத்தில் ஒரு மாதம். நியூட்டனின் நூலை பிரெஞ்சில் மொழிபெயர்த்து, அச்சாகும் முன்பே மறைந்த எமிலி து சாத்தலே என்ற மற்றொரு பெண் அறிஞரின் மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்ததும் அதே 1759-இல்தான்.

நீக்கப்பட்ட பெயர்

கிளேரோ முதலில் தம் உதவியாளரான அம்மையாரைப் பாராட்டினார். ஆனால் 1760-இல் வால்வெள்ளிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது அந்தப் பாராட்டு காணப்படவில்லை. நிக்கோல்-ரேனின் திறமையைக் கண்டு பொறாமை கொண்ட வேறொரு பெண்ணை மகிழ்விக்கவே அவர் அவ்வாறு செய்தார் என்று லலாந்து வருத்தத்தோடு எழுதிவைத்தார். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. ஆறு மாத இரவும் பகலும் அந்நூலின் பக்கங்களிலிருந்து அழிந்தன.

ஒரு மனிதரை அவமதிக்கக் கடுஞ்சொல் வேண்டுவதில்லை. எழுதப்பட்டிருந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும். அந்த வரி இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதே அதன் கொடுமை.

நிக்கோல்-ரேன் இதற்காக வழக்காடியதாகவோ பேனாவைக் கீழே வைத்ததாகவோ வரலாறு சொல்லவில்லை. அவர் தொடர்ந்து கணக்கிட்டார். வெள்ளி கதிரவனைக் கடக்கும் நிகழ்ச்சிக்கான கணக்குகளில் லலாந்துடன் உழைத்தார். 1761-இல் தென் பிரான்சில் உள்ள பெசியே நகரத்து அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுப் பெருமை கொண்டது. பாரிசுக் கழகத்தின் கதவோ பெண்களுக்குத் திறக்கவில்லை. அது ஒரு பெண்ணை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க 1979 வரை ஆயிற்று. இவோன் ஷொக்கே-புரூஆ என்ற கணித அறிஞரே அந்த முதல் பெண்மணி.

1764 ஏப்ரல் 1 அன்று ஐரோப்பாவில் கங்கண சூரிய கிரகணம் ஏற்பட இருந்தது. அது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. நிலவின் நிழல் எந்தெந்த நேரத்தில் எந்தெந்த நாட்டின்மேல் செல்லும் என்று கால் மணிக்குக் கால் மணி காட்டும் நிலப்படம் ஒன்றை நிக்கோல்-ரேன் கணக்கிட்டு வெளியிட்டார். இம்முறை அவர் பெயர் படத்திலேயே பொறிக்கப்பட்டது.

பின்னர் பல ஆண்டுகள், கப்பலோட்டிகளும் வானியலரும் நம்பியிருந்த பஞ்சாங்க நூல்களுக்காகக் கதிரவன், நிலவு, கோள்கள் ஆகியவற்றின் நிலைகளை நாள்தோறும் கணக்கிட்டார். 1792 வரையிலான நிலைகள் அவர் கையால் எழுதப்பட்டன. கண்பார்வை மங்கும்வரை அவர் அப்பணியை விடவில்லை.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவரின் உறவினரான ழோசெப் லெபோத் தாழ்லே என்ற சிறுவனை அழைத்து வந்து வானியல் கற்பித்தார். அவன் வளர்ந்து படைத்துறைப் பள்ளியில் கணிதப் பேராசிரியனாகி, 1785-இல் பாரிசு அறிவியல் கழகத்தில் இடம் பெற்றான். தாம் நுழைய இயலாத கதவின் வழியே தாம் வளர்த்த பிள்ளை நுழைவதை அவர் கண்டார். அதே ஆண்டில் லாப்பெரூசின் கடற்பயணக் குழுவோடு புறப்பட்ட அப்பிள்ளை திரும்பி வரவில்லை; 1788-இல் பசிபிக் கடலில் அக்கப்பல்கள் மறைந்தன.

அவருடைய கடைசி ஆண்டுகள் வேறுவகைக் கணக்கில் கழிந்தன. கணவர் மனநலம் குன்றி நோயுற்றார். ஏழு ஆண்டுகள் அவரைப் பேணிய நிக்கோல்-ரேன் 1788 திசம்பர் 6 அன்று இறைவனடி சேர்ந்தார். சில மாதங்களில் கணவரும் பின்தொடர்ந்தார்.

புதுச்சேரிக் கரையில்

இனி மீண்டும் நம் கரைக்கு வருவோம். 1761-இன் வெள்ளிக் கடப்பைப் புதுச்சேரியிலிருந்து காணவேண்டும் என்று பாரிசுக் கழகம் கியோம் லெ ஜான்டி என்ற வானியலரை அனுப்பியது. உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து அந்நிகழ்ச்சியின் நேரத்தை அளந்தால் பூமிக்கும் கதிரவனுக்கும் உள்ள தொலைவை அறியலாம் என்பது திட்டம். 1760 மார்ச்சில் புறப்பட்ட அவர், 1761 மே மாதத்தில் மலபார்க் கரையை நெருங்கும்போது மாகேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி எட்டியது. கப்பல் திரும்பியது. சூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாகவே இருந்தது. ஆயினும் ஆடும் கப்பலின் தளத்திலிருந்து நேரத்தைத் துல்லியமாக அளக்க முடியவில்லை. சென்னையில் ஆங்கிலேயர்கள் அதைக் கண்டு பதிவு செய்தார்கள்.

அடுத்த கடப்பு 1769-இல். லெ ஜான்டி ஊர் திரும்பாமல் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் எச்சங்கள்மீது ஆய்வுக்கூடம் அமைத்தார். குறித்த நாளும் வந்தது. அத்துடன் மேகமும் வந்தது. கதிரவன் தெரிந்தபோது வெள்ளி கடந்து போயிருந்தது.

ஆயினும் அவருடைய காத்திருப்பு வீணாகவில்லை. புதுச்சேரியில் அவர் தமிழ்க் கணியர்களிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறையில் கணக்கிட்டபோது 41 நொடியே பிழை கண்டது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணை என்று கொண்டாடப்பட்ட தோபியாஸ் மாயரின் முறையில் பிழை 68 நொடி. இதை லெ ஜான்டியே பதிவு செய்திருக்கிறார். பிற்காலத்தில், 1825-இல், ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணியரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளை இட்டு, அட்டவணைகளைச் சொற்களாக மாற்றி மனத்தில் நிறுத்தி, ஏட்டைப் புரட்டாமலே கிரகணத்தைக் கணக்கிட்டாராம்.

பாரிசில் இறகுப் பேனா. புதுச்சேரித் தெருவில் சோழி. இரண்டும் ஒரே வானத்தை அளந்தன. செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்களின் பெயர்களை நாம் வரிசையாகச் சொல்கிறோம்; இந்தச் சோழிக் கணியர்களுள் ஒருவருடைய பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

மறைவு யாருடைய அறம்?

இங்கே கிறிஸ்தவ மனத்தில் ஓர் ஐயம் எழலாம். மறைவாய்ச் செய்யும் தருமமே தந்தைக்கு உகந்தது என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பிக்கவில்லையா? வலக்கை செய்வதை இடக்கை அறியக்கூடாது என்றால், நிக்கோல்-ரேனின் பெயர் நூலில் இல்லாமற்போனதில் என்ன குறை?

குறை உண்டு. தன்னை மறைத்துக்கொள்ளுதல் செய்பவரின் அறம். மற்றவரை மறைத்துவிடுதல் பெற்றவரின் குற்றம். முன்னது தாழ்ச்சி, பின்னது களவு. தம் உழைப்பைப் பறைசாற்றாமல் இருக்க நிக்கோல்-ரேனுக்கு உரிமை இருந்தது. அவருடைய உழைப்பைச் சொல்லாமல் விட கிளேரோவுக்கு உரிமை இல்லை. தொழுநோய் நீங்கியவர் பதின்மருள் ஒருவர் மட்டும் திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் வினவியது நினைவிருக்கும். நன்றி கூறுதல் விருப்பமானால் செய்யும் மரியாதை அன்று, அது கடன்.

இதைத் திருத்தூதர் பவுல் நன்கு அறிந்திருந்தார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தை நாம் பெரும்பாலும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். அது வெறும் பெயர்ப் பட்டியல் என்று எண்ணுகிறோம். ஆனால் பாருங்கள்: கெங்கிரேயாவின் பெபேயா, அவர்களுக்காக மிகவும் உழைத்த மரியா என்று பெண்கள் பெயர் சொல்லி வாழ்த்தப்படுகிறார்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்த்தியு கூடத் தம் பெயரால் வாழ்த்துக் கூற இடம் பெறுகிறார். இறையியலின் சிகரமாகிய அத்திருமுகத்தில், எழுதிக்கொடுத்த கைக்கும் ஒரு வரி உண்டு. கிளேரோ நீக்கிய வரி எதுவோ, பவுல் சேர்த்த வரி அதுவே.

காலம் ஓரளவு கடனைத் தீர்த்திருக்கிறது. நிலவில் ஒரு குழிக்கும், ஒரு குறுங்கோளுக்கும் லெபோத் என்று பெயரிட்டுள்ளனர். நம் மண்ணிலும் நிலை மாறியது. எலேன் தெ ஷப்போத்தென் என்ற பிரெஞ்சுத் துறவி 1877-இல் உதகையில் தொடங்கிய பிரான்சிஸ்கன் மரியின் மறைபரப்புச் சபையினர், 1947-இல் சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நிறுவினர். அங்கே பயின்ற தமிழ்ப் பெண் இராமன் பரிமளா, இயற்கணிதத்தில் உலகப் புகழ் பெற்று, 2010-இல் ஐதராபாத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டில் முதன்மை உரையாற்றினார். நிக்கோல்-ரேனுக்குத் திறக்காத கதவு, இரு நூற்றாண்டு கழித்து நம் வீட்டுப் பெண்ணுக்குத் திறந்தது.

ஆனால் கடன் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. நம் பங்குகளில் வெளியாகும் பொன்விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். ஆயர்களின் படம் இருக்கும். கோவில் கட்டிய குருக்களின் பெயர் ஆண்டு வாரியாக இருக்கும். நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். குருவானவர் மாதம் ஒருமுறை வந்த காலத்தில் மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் எங்கே? மணியடித்து விளக்கேற்றிய கோவில்பிள்ளை எங்கே? சுண்ணாம்பும் செங்கல்லும் தலையில் சுமந்து சாரமேறிய பெண்கள் எங்கே? அவர்கள் பெயரைக் கேட்கவில்லை. கேட்காததனாலேயே அவர்களுக்குப் பெயர் இல்லை என்று ஆகிவிடாது.

ராஜகிரியின் மதில்களைக் காணும்போதும் இதே எண்ணம் வரவேண்டும். அந்தப் பாறைகளை மேலேற்றியவர்கள் யாரோ. கல்வெட்டில் அவர்கள் இல்லை. ஆனால் வானத்தில் உள்ள விண்மீன்களை எண்ணி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கும் இறைவனின் ஏட்டில் அவர்கள் இருக்கிறார்கள் என்பது நம் நம்பிக்கை. நம் ஏட்டிலும் இருக்கவேண்டும் என்பது நம் பொறுப்பு.

ஹாலியின் வால்வெள்ளி 1986-இல் வந்து சென்றது; 2061-இல் மீண்டும் வரும். அதற்குள் நம் பங்கில் ஒரு விழா மலர் அச்சாகும். அதில் ஒரு பக்கத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு, முதியவர்களிடம் சென்று கேட்டு, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கலாம்.